கருவிழிக்கு க்ராஸ்லிங்கிங்: முதல் நாள் முதல் முதல் ஆண்டு வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் மருத்துவமனை ஒன்றின் ஆலோசனை மேஜையில் 11 ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். "கெரட்டோகோனஸ் இருக்கு, க்ராஸ்லிங்கிங் செய்யணும்" என்று டாக்டர் சொல்லி அனுப்புவார். முன்னது கருவிழி மெலிந்து புடைக்கும் நோய், பின்னது அதை நிறுத்தும் சிகிச்சை. அப்புறம் வரும் கேள்விகள் எல்லாம் என் மேஜைக்குத்தான். வருகிறவர்கள் பெரும்பாலும் பதினைந்து முதல் இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள், கூடவே இரவு தூங்காத அம்மா அப்பா. அவர்கள் கேட்டதை அவர்கள் வார்த்தையிலேயே கீழே கொடுத்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் சிகிச்சையில் கண்ணில் பாய்ச்சும் புற ஊதாக் கதிருக்குப் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை பயம் வேண்டிய இடம் அது இல்லை. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு வரும் ஒரு வாரம்தான். இங்கே இருப்பது பொதுவான விளக்கம். உங்கள் கண்ணின் ரிப்போர்ட்டைப் பார்த்து உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

"வருஷா வருஷம் பவர் மாறுது, அவ்வளவுதானே? வேற கண்ணாடி போட்டா ஆகாதா?"

கருவிழி என்பது கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான படலம். அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். சராசரியாக 540 மைக்ரான் என்று எழுதுவார்கள். கெரட்டோகோனஸ் வந்தவர்களுக்கு இந்தப் படலம் மெலிந்து, கூம்பு மாதிரி முன்னால் புடைக்கிறது. சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போகும். எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்து தெரியும். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு வால் முளைத்த மாதிரி சிதறும். நோய் முற்றியவர்களைக் கீழே பார்க்கச் சொன்னால், கீழ் இமையின் ஓரம் நடுவில் முனையாகத் தள்ளிக்கொண்டு நிற்பதைப் பக்கத்தில் இருப்பவரே பார்க்கலாம்.

கண்ணாடியும் லென்ஸும் பார்வையைத் திருத்தும், மெலிவதை நிறுத்தாது. பதின்வயதில் தொடங்கும் இந்த நோய் பலருக்கு முப்பதுகள் வரை வளர்கிறது. அந்த வளர்ச்சியை நிறுத்துவதற்குத்தான் க்ராஸ்லிங்கிங்.

"ஒருத்தர் சி3ஆர்ங்கறார், ஒருத்தர் க்ராஸ்லிங்கிங்கிறார். ரெண்டும் ஒண்ணுதானா? என்னதான் செய்வாங்க?"

இரண்டும் ஒன்றே. நம் ஊர் மருத்துவமனைகளில் சி3ஆர் என்ற பெயர் அதிகம் புழங்குகிறது. கருவிழியின் உள்ளே கொலாஜன் இழைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அந்த இழைகளுக்குக் குறுக்கே புதிய பிணைப்புகளை உண்டாக்கிப் படலத்தை விறைப்பாக்குவதே சிகிச்சை. பாய் நெசவில் பாவு நூல் மட்டும் இருந்தால் துவளும், ஊடு கோரை சேர்ந்தால் நிற்கும் அல்லவா, அப்படி.

ஊசி கிடையாது. சொட்டு மருந்தால் கண்ணை மரக்கச் செய்து, கருவிழியின் மேல்தோலை 9 மில்லிமீட்டர் அளவுக்கு மெதுவாகச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு ரைபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2, சொட்டாக விடப்படும். பளீரென்ற மஞ்சள் நிறத்தில் இருக்கும். மூல முறையில் அரை மணி நேரம் சொட்டு, அடுத்த அரை மணி நேரம் சொட்டோடு சேர்த்துப் புற ஊதா ஏ கதிர். கடைசியில் புண்ணை மூடிக் காக்க ஒரு பேண்டேஜ் லென்ஸ் வைத்து அனுப்புவார்கள். அன்றே வீட்டுக்குப் போகலாம்.

"வெயில்ல போறப்பவே யு.வி. கண்ணுக்குக் கெடுதல்னு கூலிங்கிளாஸ் போடச் சொல்றீங்க. அதையே அரை மணி நேரம் கண்ணுக்குள்ள அடிச்சா?"

கேள்வி நியாயமானது. இந்தச் சிகிச்சையை உருவாக்கியவர்களும் முதலில் இதைத்தான் கேட்டுக்கொண்டார்கள். கருவிழியின் உட்புறத்தில் எண்டோதீலியம் என்ற ஒற்றை அடுக்குச் செல்கள் உள்ளன. கருவிழி நீர் கோக்காமல் தெளிவாக இருப்பது இவற்றால்தான். அழிந்தால் மறுபடி வளராதவை. முயல்களில் செய்த ஆய்வில், இந்த அடுக்கை எட்டும் கதிர் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.36 மில்லிவாட்டைத் தொட்டால் செல்கள் சேதமாகின்றன என்று 2003இல் கண்டார்கள்.

மேலே அடிக்கப்படுவது 3 மில்லிவாட். ஆனால் மஞ்சள் மருந்து ஊறிய கருவிழி கதிரைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. 400 மைக்ரான் கனம் இருந்தால் உள்ளடுக்குக்குப் போய்ச் சேர்வது சுமார் 0.18 மில்லிவாட், அதாவது ஆபத்து எல்லையில் பாதி. அதற்கும் பின்னால் இருக்கும் கண்ணின் சொந்த லென்ஸுக்கும் விழித்திரைக்கும் போவது இன்னும் குறைவு. எனவே அந்த மஞ்சள் சொட்டுக்கு இரண்டு வேலை: முன்பக்கத்தில் பிணைப்பை உண்டாக்குவது, பின்பக்கத்துக்குத் திரை கட்டுவது. அரை மணி நேரம் சொட்டு விட்டு ஊற வைக்கிறார்களே, நேரத்தை வீணடிப்பதாக நினைக்காதீர்கள்.

"இது புதுசா வந்ததா? எங்க பையனை வெச்சுச் சோதனை பண்றீங்களா?"

இல்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தியோ சைலர், எபர்ஹார்ட் ஷ்பொயர்ல், கிரெகர் வோலன்சாக் ஆகியோர் 1990களில் தொடங்கிய வேலை இது. பன்றி, முயல் கண்களில் பார்த்த பிறகே மனிதர்களுக்கு வந்தார்கள். முதல் மருத்துவ முடிவு 2003இல் வெளியானது: 22 பேர், 23 கண்கள். சிகிச்சை பெற்ற எல்லாக் கண்களிலும் நோயின் வளர்ச்சி நின்றிருந்தது. 16 கண்களில் கூம்பு சற்றுத் தட்டையாகியும் இருந்தது. எண்டோதீலியத்துக்கோ லென்ஸுக்கோ சேதம் காணப்படவில்லை.

23 கண்கள் மிகச் சிறிய எண்ணிக்கை, அதிலும் ஒப்பிட்டுப் பார்க்கச் சீட்டுக் குலுக்கிப் பிரித்த குழு இல்லை. அந்தக் குறையை ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 100 கண்களில் நடந்த ஆய்வு தீர்த்தது. அதன் மூன்றாண்டு முடிவு 2014இல் வந்தது. சிகிச்சை பெறாத கண்களில் கூம்பின் உச்ச வளைவு சராசரியாக 1.75 டையாப்டர் (வளைவை அளக்கும் அலகு) கூடியிருந்தது. பெற்ற கண்களில் சுமார் 1 டையாப்டர் குறைந்திருந்தது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016இல் ஒப்புதல் தந்தது. டிரெஸ்டன் குழு பத்தாண்டுத் தொடர்கண்காணிப்பு முடிவையும் வெளியிட்டுவிட்டது.

"வலி எப்படி இருக்கும்? ஆபரேஷன்ல வலிக்காதுன்னாங்க, வீட்டுக்கு வந்ததும் பையன் துடிச்சுட்டான்."

சிகிச்சை நடக்கும்போது வலிக்காது, கண் மரத்திருக்கும். வலி அதற்கு அப்புறம்தான். மேல்தோலை எடுத்துவிட்டதால் கருவிழியின் நரம்பு முனைகள் திறந்து கிடக்கின்றன. மருந்தின் வேகம் இறங்கியதும் மிளகாய்ப்பொடியும் மணலும் சேர்ந்து விழுந்த மாதிரி எரியும், தாரை தாரையாக நீர் வழியும், விளக்கைப் பார்க்க முடியாது. முதல் இரண்டு மூன்று நாள் கஷ்டம்தான். இதைக் குறைத்துச் சொல்லி அனுப்புவது தவறு என்பது என் கருத்து. முன்கூட்டியே தெரிந்தவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். தெரியாமல் போனவர்கள் கண்ணே போய்விட்டது என்று நடுங்குகிறார்கள்.

திரைச்சீலை போட்ட அறை, கறுப்புக் கண்ணாடி, டாக்டர் எழுதிய வலி மாத்திரை, தூக்கம். இவ்வளவு போதும். மூன்று முதல் ஐந்து நாளில் மேல்தோல் மறுபடி மூடிக்கொள்ளும். மூடியதும் வலி சட்டென்று விலகும்.

"அந்த மரத்துப்போற சொட்டையே ஒரு பாட்டில் வாங்கிட்டுப் போயிடலாமே?"

வேண்டவே வேண்டாம். அந்தச் சொட்டு அடிக்கடி விழுந்தால் மேல்தோல் வளர்வது நின்றுவிடும். தொடர்ந்து போட்டவர்களுக்குக் கருவிழியே கரைந்து ஓட்டை விழுந்ததும் உண்டு. மருந்துக்கடையில் தெரிந்தவர் இருக்கிறார் என்பதற்காக வாங்கி வைக்காதீர்கள். டாக்டர் எழுதிய சொட்டுகளையும் அவர் சொன்ன நாள் வரைக்கும்தான் போட வேண்டும். வலிக்கு எழுதும் சில சொட்டுகளும் ஸ்டீராய்டு சொட்டும் கணக்கு மீறிப் போனால் கெடுதல் செய்யும்.

"அப்ப எதுக்குத்தான் பயப்படணும்?"

கிருமித் தொற்றுக்கு. கருவிழியின் மேல்தோல் ஒரு வேலி. அது இல்லாத மூன்று முதல் ஐந்து நாள் கண் திறந்த புண். அதன்மேல் ஒரு லென்ஸ் வேறு இருக்கிறது. தொற்று அபூர்வமாகவே வருகிறது, ஆனால் வந்தால் பார்வையைக் கெடுத்துவிடும். முதல் மாதங்களில் வரக்கூடிய ஆபத்துகளில் மிக மோசமானது இதுவே.

2009இல் இத்தாலியிலிருந்து வந்த ஒரு மருத்துவ அறிக்கையை நான் எல்லோருக்கும் சொல்வேன். சிகிச்சை பெற்ற ஒருவருக்குத் தன் கண்ணில் பேண்டேஜ் லென்ஸ் இருப்பதே தெரியாது. எரிச்சலுக்கு இதமாக இருக்கட்டும் என்று குழாய்த் தண்ணீரால் முகத்தையும் கண்ணையும் திரும்பத் திரும்பக் கழுவியிருக்கிறார். தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற உயிரி லென்ஸுக்கு அடியில் தங்கி, கருவிழி ஓட்டையாகும் அளவுக்குப் போய்விட்டது. கதிரால் வந்த கேடு இல்லை, தண்ணீரால் வந்தது. கண் எரிந்தால் தண்ணீர் அடிப்பது நம் கைக்குப் பழகிய காரியம் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அந்த ஒரு வாரம் தலைக்குக் குளியல் வேண்டாம், ஈரத்துணியால் கன்னத்தையும் நெற்றியையும் துடைத்தால் போதும். கிணறு, குளம், நீச்சல் குளம் எல்லாம் டாக்டர் சரி என்று சொன்ன பிறகே. விளக்கெண்ணெய், தாய்ப்பால், பன்னீர், தேன் எதுவும் கண் பக்கம் வரக்கூடாது. சொட்டு போடுகிறவர் ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். பாட்டில் முனை இமையில் படக்கூடாது. லென்ஸ் தானாக விழுந்துவிட்டால் எடுத்துக் கழுவித் திரும்ப வைக்காதீர்கள். போன் செய்துவிட்டு நேரே வாருங்கள்.

"முதல் நாள்லேர்ந்தே வலியும் சிவப்பும் இருக்கு. எது சாதாரணம், எது ஆபத்துன்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கறது?"

திசையைப் பாருங்கள். சாதாரண வலி நாளுக்கு நாள் இறங்கும். இறங்கிக்கொண்டிருந்த வலி மறுபடி ஏறினால், சிவப்பு கூடினால், பீளை மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால், பார்வை திடீரென்று குறைந்தால், டார்ச் வெளிச்சத்தில் கருவிழியின்மேல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், காலை வரை காத்திருக்க வேண்டாம். ஞாயிறோ பண்டிகையோ, உடனே கிளம்ப வேண்டும்.

வெள்ளைப் புள்ளி என்றாலே தொற்று என்று ஆகிவிடாது. கிருமி இல்லாமல் உடம்பின் எதிர்வினையால் மட்டும் வருவதும் உண்டு. ஸ்டீராய்டு சொட்டில் அது அடங்கும். தொற்றாக இருந்தால் ஸ்டீராய்டு அதை வளர்த்துவிடும். எது எதுவென்று, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல முடியும். போன் படத்தை அனுப்பிக் கேட்டு முடிவு செய்ய வேண்டாம்.

"ஒரு மாசம் ஆச்சு. முன்னாடி தெரிஞ்சதுகூட இப்பத் தெரியலை. கெடுத்துட்டீங்க."

என் மேஜையில் கண்ணீரோடு அதிகம் கேட்ட கேள்வி இது. முதல் ஒன்று இரண்டு மாதம் பார்வை முன்பைவிட மங்குவது சிகிச்சையின் வழக்கமான போக்கு. கதிர் பட்ட முன்பகுதியில், சுமார் 300 மைக்ரான் ஆழம் வரை, கருவிழியின் செல்கள் அழிகின்றன. சுற்றிலும் உள்ள செல்கள் மெதுவாக வந்து அந்த இடத்தை நிரப்ப ஆறு மாதம் போல ஆகிறது. அதுவரை கருவிழியில் பனிமூட்டம் மாதிரி லேசான புகைச்சல் இருக்கும். அது முதல் மாதத்தில் உச்சத்துக்குப் போய், மூன்றாம் மாதத்துக்குப் பிறகு வடியத் தொடங்கி, ஓராண்டில் பெரும்பாலும் மறைகிறது.

முதல் மாத ஸ்கேனும் குழப்பும். கூம்பு இன்னும் கூர்மையானது போல எண் காட்டும். அதை வைத்துத் தோல்வி என்று சொல்ல முடியாது. நோய் நின்றதா என்பதை ஆறாம் மாத, பன்னிரண்டாம் மாத ஸ்கேனில்தான் பார்ப்பார்கள். அதனால் புதுக் கண்ணாடியும் மூன்று மாதம் கழித்துப் போடுவது நல்லது. செமஸ்டர் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால் சிகிச்சைக்குத் தேதி வாங்காதீர்கள்.

"மழுப்பாம சொல்லுங்க. நூறு பேருக்குச் செஞ்சா எத்தனை பேருக்குக் கெட்டுப் போகுது?"

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் 117 கண்களை ஓராண்டு பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. பார்வைப் பலகையில் இரண்டு வரியோ அதற்கு மேலோ இழந்தவை 2.9 சதவீதம். சிகிச்சைக்குப் பிறகும் நோய் வளர்ந்தவை 7.6 சதவீதம். மேலே சொன்ன கிருமியில்லாத வெள்ளைப் புள்ளி வந்தவையும் 7.6 சதவீதம். நடுக் கருவிழியில் தழும்பு விழுந்தவை 2.8 சதவீதம்.

யாருக்கு என்பதையும் அதே ஆய்வு பிரித்துச் சொன்னது. 35 வயதைத் தாண்டியவர்களுக்கும், சிகிச்சைக்கு முன் கண்ணாடியோடு பார்வை மிக நன்றாக இருந்தவர்களுக்கும் பார்வை இழப்பு வாய்ப்பு அதிகம். கூம்பின் உச்சம் 58 டையாப்டரைத் தாண்டியிருந்தால் நோய் நிற்காமல் போகும் வாய்ப்பு அதிகம். "இப்போது வேண்டாம், ஆறு மாதம் பார்ப்போம்" என்று டாக்டர் ஒருவரைத் திருப்பி அனுப்புவதும், இன்னொருவரை "தள்ளிப் போடாதீர்கள்" என்று அவசரப்படுத்துவதும் இதனால்தான். பக்கத்து வீட்டுப் பையனுக்குச் செய்தார்களே என்று ஒப்பிடாதீர்கள்.

"ரிப்போர்ட்ல 430ன்னு இருக்கு. 400க்கு மேல இருந்தாப் போதும்னு நெட்ல போட்டிருக்கு. அப்ப சரிதானே?"

அங்கேதான் தடுக்கும். ஸ்கேன் காட்டும் 430இல் மேல்தோலும் அடக்கம், அது சுமார் 50 மைக்ரான். அதை எடுத்தால் 380தான் மிச்சம். மேலே சொன்ன 400 என்ற எல்லை மேல்தோல் போன பிறகு இருக்கும் கனத்துக்கு. மூல மருந்தில் நீரை இழுக்கும் டெக்ஸ்ட்ரான் என்ற பொருள் கலந்திருப்பதால் அரை மணி நேரத்தில் கருவிழி இன்னும் கொஞ்சம் சுண்டவும் செய்யும். எனவே கதிர் தொடங்குமுன் கனத்தை மறுபடி அளப்பார்களா என்று கேளுங்கள். தாராளமாகக் கேட்கலாம், உங்கள் கண்.

மெலிந்த கருவிழிக்கும் வழிகள் உண்டு. கருவிழியைத் தற்காலிகமாக உப்பவைக்கும் மருந்துக் கலவை ஒன்று. கனத்துக்கு ஏற்றபடி கதிர் நேரத்தைக் குறைப்பது இன்னொன்று. மூன்றாவது சென்னையிலிருந்து வந்தது: மஞ்சள் மருந்தில் ஊறவைத்த கான்டாக்ட் லென்ஸைக் கருவிழிமேல் வைத்து அதன்வழியே கதிர் பாய்ச்சும் முறையை டாக்டர் சூசன் ஜேக்கப் குழுவினர் 2014இல் வெளியிட்டார்கள்.

"தோல் எடுக்காமலே, பத்தே நிமிஷத்துல முடிக்கறாங்களாமே?"

இவை இரண்டு வேறு விஷயங்கள். பத்து நிமிடம் என்பது கதிரின் வேகத்தை 3லிருந்து 9 மில்லிவாட்டாக ஏற்றி நேரத்தைக் குறைப்பது. மொத்தக் கதிர் அளவு இரண்டிலும் சதுர சென்டிமீட்டருக்கு 5.4 ஜூல்தான். பல இடங்களில் இப்போது இதுவே நடைமுறை. கணக்குப்படி பலன் ஒன்றாக இருக்க வேண்டும், ஆனால் பிணைப்பு உண்டாக ஆக்சிஜன் வேண்டும். கதிர் வேகமாக அடித்தால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் வேகம் கூடக் கூட விறைப்பு குறைகிறது.

தோல் எடுக்காத முறையில் வலியும் தொற்று பயமும் குறைவு. ஆனால் மருந்தும் ஆக்சிஜனும் தோலைத் தாண்டி உள்ளே போவது கடினம், நோயை நிறுத்தும் பலமும் பழைய வடிவங்களில் குறைவாகவே இருந்தது. வேகமாக வளரும் நோய்க்கு மூன்று நாள் வலியைப் பொறுத்துக்கொண்டு தோல் எடுக்கும் முறையையே நான் என் வீட்டுப் பிள்ளைக்குக் கேட்பேன்.

"அவனுக்குப் பதிமூணு வயசுதான். கொஞ்சம் பெரியவனாகட்டும்னு விடலாமா?"

சின்ன வயதில்தான் இந்த நோய் வேகமாக ஓடும். பிரிட்டனில் 10 முதல் 16 வயதுக்குட்பட்ட 60 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. ஒன்றரை ஆண்டில், க்ராஸ்லிங்கிங் செய்த பிள்ளைகளில் 7 சதவீதம் பேருக்கும், கண்ணாடி, லென்ஸோடு மட்டும் இருந்தவர்களில் 43 சதவீதம் பேருக்கும் நோய் வளர்ந்திருந்தது. காத்திருப்பதிலும் ஆபத்து உண்டு, அது வலிக்காது என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பிள்ளைகளிடம் இன்னொரு வேலையும் இருக்கிறது. போன மாதம் ஒரு பையன் என் எதிரே உட்கார்ந்து, அம்மா பேசி முடிப்பதற்குள் மூன்று முறை விரல் முட்டியை இமையில் வைத்து மாவு பிசைகிற மாதிரி அழுத்திக் கசக்கினான். அலர்ஜி அரிப்பு. இந்தக் கசக்கலே கருவிழியை மெலிய வைக்கும், ஆறிவரும் புண்ணையும் பிய்த்துவிடும். முதலில் அலர்ஜிக்கு மருந்து, அப்புறம்தான் கதிர். இரவில் தெரியாமல் கசக்குகிறவர்களுக்குக் கண்மூடி ஒட்டி அனுப்புவோம்.

"யாருக்கு இதைச் செய்யவே கூடாது?"

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் பொதுவாகத் தள்ளிப் போடுவார்கள். நடுக் கருவிழியில் ஏற்கெனவே ஆழமான தழும்பு இருந்தால் பலனில்லை. கண்ணில் ஹெர்பிஸ் வைரஸ் புண் வந்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், புற ஊதாக் கதிர் தூங்கும் வைரஸை எழுப்பக்கூடும். முன்பு ஹெர்பிஸ் வந்ததே தெரியாத ஒருவருக்குச் சிகிச்சைக்குப் பின் அது கிளம்பியதாக கிரீஸ் நாட்டு டாக்டர்கள் 2007இல் எழுதியிருக்கிறார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய பழைய சீட்டு வீட்டில் இருந்தால் கொண்டு வாருங்கள்.

"கருவிழிப் புண்ணுக்கும் இதே லைட் வைக்கறாங்களாமே? எங்க அப்பாவுக்கு நெல் சொணை பட்டுப் பூஞ்சைப் புண்ணு. அவருக்கும் செய்யலாமா?"

அது வேறு நோய். இந்தக் கதிரும் மருந்தும் கிருமியைக் கொல்லும் என்பதால் புண்ணுக்கும் முயன்றார்கள். பூஞ்சைப் புண் பற்றிய தெளிவான பதில் நம் மதுரையிலிருந்தே வந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையில் ஆழமான பூஞ்சைப் புண்ணுக்கு நடந்த ஆய்வை, கதிர் வைத்த பக்கத்தில் ஓட்டை விழுவது அதிகமானதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதன் அறிக்கை 2015இல் வந்தது. அதே மருத்துவமனையில் 111 பேரிடம் நடந்து 2020இல் வெளியான இன்னொரு ஆய்விலும் பூஞ்சைப் புண்ணுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. அப்பாவுக்குப் பூஞ்சைச் சொட்டைத் தவறாமல் போடுங்கள்.

"ஒரு கண்ணு முடிஞ்சுது. இன்னொண்ணு எப்ப? அப்புறம் லேசிக் பண்ணிக் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுடலாமா?"

இரண்டாவது கண்ணில் நோய் வளர்கிறது என்று ஸ்கேன் சொன்னால் மட்டும் அதற்கும் செய்வார்கள். முதல் கண்ணின் தோல் மூடி, தொற்று இல்லை என்று உறுதியான பிறகு தேதி கொடுப்பது வழக்கம். இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் திறந்த புண்ணாக இருப்பதை நானும் விரும்பமாட்டேன்.

லேசிக் வேண்டாம். அது கருவிழியைச் செதுக்கி மெலிய வைக்கும் சிகிச்சை, உங்கள் கருவிழியில் செதுக்க மிச்சமில்லை. லேசிக் செய்து கருவிழி புடைத்துக்கொண்டவர்களுக்கே க்ராஸ்லிங்கிங் செய்ய வேண்டி வருகிறது. பார்வை தெளிய ஆர்.ஜி.பி. என்ற கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் அல்லது வெள்ளை விழிமேல் தங்கும் பெரிய ஸ்கிளீரல் லென்ஸ் இருக்கிறது. புகைச்சல் வடிந்ததும், மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு வரும்போது, லென்ஸ் அளவு எடுக்கவும் சேர்த்துக் கேட்டு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.